ஆறு மணி நேரமும் இருபது நிமிஷமும்

1953ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிஷம். தமிழுக்கு ஆவணி பதினேழு. மழை இல்லை. மேற்கே மலைப்பக்கம் மேகம் கிடந்தது. மேல்காற்று அதை எங்கள் ஊர்ப் பக்கம் நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. தெருவில் புழுதி பறந்தது. வாசலில் ஏற்றிய சூடம் மூன்று முறை அணைந்தது. அந்த நேரத்தில்தான், பத்தொன்பது வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினேன். அன்றைக்கே பகல் ஒன்று நாற்பதுக்கு அதை அறுத்தார்கள். அறுப்பதற்காகத்தான் கட்டியது.

இதை இப்போது உள்ளவர்களிடம் சொன்னால் கதை சொல்லுகிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கு வயது எழுபத்தெட்டு ஆகிறது. ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சங்கரன்கோவிலில் ஒரு மிளகாய் வற்றல் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினேன். மூன்றாம் பாரம் வரை படித்தவன். அவள் வாசுதேவநல்லூர்க்காரி. எருமை வைத்துப் பால் வியாபாரம் செய்தாள். ரத வீதியில் மூன்று காப்பி கிளப்புகளுக்கு அவள்தான் பால் ஊற்றினாள். எழுதப் படிக்கத் தெரியாது. கிளப்புக்காரர்கள் கணக்கில் ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு மண்டிக்கு வந்தாள். 1934இல் அவளுடைய பால் கணக்கை நான் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். நான்கு மாதம் எழுதினேன். ஐந்தாவது மாதம் அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு பேரும் ஒரே சாதி. முறையும் சரியாகத்தான் இருந்தது. கட்டிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. தடை இருந்திருந்தால் ஒருவேளை அவசரப்பட்டுக் கட்டியிருப்பேன். முதலில் என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பிறகு தங்கை கலியாணம் முடியட்டும் என்றேன். அது முடிய மூன்று வருஷம் ஆனது. அதன் பின் அம்மா இறந்தாள். ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கூடாது. அதற்குப் பிறகு அண்ணன் தம்பிகளுக்குள் பாக வழக்கு வந்தது. யுத்தம் வந்தது. அரிசிக்கு ரேஷன் வந்தது. ரேஷன் அரிசியில் எப்படிப் பந்தி வைப்பது? ஆக மொத்தம் ஆறு காரணம். ஆறு முறையும் அவள் ‘சரி’ என்று சொன்னாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் ஏழாவது காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு பிள்ளை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது.

1944இல் ஒரு வீடு வாங்கினோம். கோவிலுக்கு வடக்கே, இரண்டு அறையும் அடுப்படியும் உள்ள ஓட்டு வீடு. பின்னால் மாட்டுத் தொழு, ஒரு கிணறு. விலை எண்ணூற்றைம்பது ரூபாய். அதில் என் பணம் ஐந்நூற்றுப் பத்து. அவள் பால் பணம் முந்நூற்று நாற்பது. ஆனால் பத்திரத்தை முழுக்க அவள் பேரில் எழுதினேன். காரணம், பாக வழக்கு. என் பேரில் வாங்கினால் குடும்பப் பணத்தில் வாங்கியது என்று அண்ணனும் தம்பியும் பங்கு கேட்டு வருவார்கள். மனைவி பேரில் வாங்கினாலும் அதையேதான் சொல்லுவார்கள். மனைவி அல்லாதவள் பேரில் வாங்கினால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. கலியாணம் செய்யாமல் இருந்ததில் இப்படி ஒரு லாபம் கிடைத்தது என்று அன்றைக்கு எனக்குத் திருப்தி. பத்திரத்தில் அவளை அவள் அப்பாவின் மகள் என்று மட்டும் எழுதினார்கள்.

மூன்று வருஷத்தில் வழக்கு முடிந்தது. அண்ணன் தம்பியோடு பேச்சுவார்த்தையும் வந்துவிட்டது. ஆனால் எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வீடு அவளுடையது. அவள் ‘வெளியே போ’ என்றால் நான் போக வேண்டும். அவள் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. இருந்தாலும் மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து பத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். பார்த்த பிறகு பயம் கூடுமே தவிரக் குறையாது. ஏனென்றால் அது இருப்பதுதான் பயம்.

1952 கார்த்திகையில் அவளுடைய அண்ணன் மனைவி இறந்துபோனாள். வாசுதேவநல்லூரில் அந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வருஷம் திரும்பியதும் 1954 தை மாதம் மூத்தவளுக்குக் கலியாணம் என்று பேசியிருந்தார்கள். வீட்டில் பெரிய பொம்பளை ஆள் கிடையாது. அவளுடைய அண்ணன் இரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

1953 ஆவணி ஒன்பதாம் தேதி காலையில் அவள் தொழுவில் உட்கார்ந்து எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் மண்டிக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

“எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்கு இல்ல. இனி அங்கனதான்.”

நான் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தேன். ஐந்து பொத்தான். பிறகு கேட்டேன்: “அப்போ பாத்திரத்தை எல்லாம் எப்படிப் பிரிக்கிறது?”

அவள் ஆட்டுவதை நிறுத்தவில்லை. “ஒங்க இஷ்டம்” என்றாள்.

வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. மண்டிக்குப் போய்விட்டேன். வழி முழுக்க வீட்டைப் பற்றித்தான் நினைத்தேன். அவள் போகிறாள், பத்திரம் அவள் பேரில் இருக்கிறது, அவளுடைய அண்ணன் சும்மா இருப்பாரா, நாளைக்கு விற்றுவிட்டால் நான் எங்கே போவது.

அன்று முதல் நாலு நாள் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். பித்தளைக் குடம், செம்பு, உருளி, இட்லிக் கொப்பரை, கட்டில், பெட்டி, சுவர்க் கடிகாரம், வாளி, கயிறு வரைக்கும். ஒவ்வொன்றும் எந்த வருஷம் வாங்கியது, யார் பணம், இப்போது என்ன பெறும் என்று மூன்று பத்தியில் எழுதினேன். அறுபத்து மூன்று சாமான்கள். எருமை மூன்றையும் தனித் தாளில் எழுதினேன்.

எங்கள் சாதிக்கு நாட்டாமை கரிவலம்வந்தநல்லூரில் இருந்தார். கலியாணம், பங்கு, பஞ்சாயத்து எல்லாம் அவர் முன்னால்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வரவழைத்தேன். பெரிய குரல், வாய் நிறைய வெற்றிலை. என் தம்பி வந்தான். அவளுடைய அண்ணன் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் என்னை எப்போதும் ‘கணக்கப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். வேறு எப்படிக் கூப்பிட முடியும்?

நாட்டாமை உட்கார்ந்ததும், “என்னவே, பத்தொம்போது வருசம் ஓட்டிட்டு இப்பத்தான் பஞ்சாயத்து ஞாபகம் வந்துதோ?” என்றார்.

நான் பட்டியலைப் படிக்கத் தொடங்கினேன். ஒன்பதாவது சாமான் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு என் தம்பியைப் பார்த்து, “ஏலே, ஒங்க அண்ணன் வாயில ஒரு வெத்திலைய மடிச்சு வையிலே. மனுசன் கரண்டிக்கு வயசு சொல்லுதான்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பத்தாவதைப் படித்தேன்.

“நிறுத்தும்வே. நான் எதைப் பிரிக்க? கட்டுனவனுக்குத்தான் அறுக்கிறது. அறுத்தாத்தான் பங்கு. நீரு கட்டவே இல்லையே. ஒம்ம கணக்குல எனக்கு என்ன சோலி?”

எங்கள் வழக்கம் அதுதான். புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவரவில்லை என்றால் நாட்டாமை முன்னால் ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போடுவார்கள். தாலியை அறுத்து, கட்டியவன் கையில் கொடுப்பார்கள். ஆண் விலக்கினால் பரிசப்பணம் அவனுக்கு இல்லை. பெண் விலகினால் பரிசப்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு நாட்டாமை அவளுக்கு வெற்றிலை கொடுப்பார். அந்த வெற்றிலையை வாங்கியவள் ‘தீர்ந்தவள்’. அவளுக்குப் பிறந்த வீட்டில் இடம் உண்டு, பந்தலில் நிற்கலாம், பந்தியில் உட்காரலாம், ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது. வெறுமனே ஒருவனோடு இருந்துவிட்டு வருகிறவளுக்கு அது ஒன்றும் கிடையாது.

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற அவள் பேசினாள்.

“மாமா, நான் ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லு தாயி.”

“வீடு என் பேர்ல கெடக்கு. அத அவுகளுக்கே எழுதிக் குடுத்துருதேன். பாத்திரமும் அவுகளே வச்சிக்கிடட்டும். எருமை மூணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். என்னைக் கட்டி அறுத்து விடச் சொல்லுங்க.”

அவளுடைய அண்ணன்தான் முதலில், “ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு? வீட்ட எதுக்குக் குடுக்கே? அதுல ஒன் பால் பணம் இல்லையா?” என்றார்.

“இருக்கு. இருந்துட்டுப் போகுது. தையில ஒன் மவ கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து ‘இவ யாரு’ன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ? வீட்டுப் பத்திரத்தையா காட்டுவ?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வீடு திரும்ப வருகிறது. அதுவும் ஒரு பைசா கொடுக்காமல். மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத்தான் நஷ்டம். இந்தக் கணக்கில் எங்கோ ஒரு தவறு இருக்க வேண்டும் என்று மறுபடி பார்த்தேன். தவறு இல்லை.

நாட்டாமை தாடையைச் சொறிந்தார். “போறவ இவ. அப்ப பரிசத்த இவதான் திருப்பணும். இவருதான் பரிசமே போடலியே. சரிவே, இருபத்தொரு ரூவா வழக்கம். காலையில போடும், மத்தியானம் வாங்கிக்கிடும். எந்தச் சிறுக்கியும் ஒமக்கு இவ்வளவு லாபத்துல வாக்கப்பட மாட்டா.”

“எப்போ வச்சிக்கிடலாம் அண்ணாச்சி?” என்றேன்.

பஞ்சாங்கம் பார்த்துப் புதன்கிழமை என்றார். தேய்பிறையாயிற்றே என்று என் தம்பி கேட்டான். “அறுக்கத்தானலே கட்டுதோம், தேய்பிறையே போதும்” என்றார். புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம் என்பதால் அதற்கு முன்னால் கட்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

இரண்டு நாள்தான் இருந்தது. நெசவுத் தெருவுக்குப் போய்ச் சேலை எடுத்தேன். பதினாலு ரூபாயில் ஒன்று இருந்தது, அரக்குக் கரை. பதினோரு ரூபாயில் ஒன்று இருந்தது. பதினோரு ரூபாய்ச் சேலையை எடுத்தேன். தாலிக்குத் தங்கத்தில் ஒரு பொட்டாவது வேண்டும் என்று தம்பி சொன்னான். அரை நாள் கழுத்தில் கிடக்கப் போவதற்குத் தங்கம் எதற்கு என்று நினைத்தேன். ஏழைப்பட்டவர்கள் மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டிக்கொள்வது உண்டு. அதுவே செல்லும் என்று நாட்டாமையும் சொன்னார். பலசரக்குக் கடையில் விரலி மஞ்சளாகப் பார்த்து ஒன்று பொறுக்கினேன்.

இனி அந்தப் புதன்கிழமை. அவள் வழக்கம்போல் விடியும் முன் எழுந்து பால் கறந்து மூன்று கிளப்புக்கும் ஊற்றிவிட்டு வந்தாள். நாளை முதல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம். குளித்துவிட்டு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். என்ன விலை என்று கேட்கவில்லை. மஞ்சள் துண்டைப் பார்த்தாள். அதையும் கேட்கவில்லை. நான் இருபத்தொரு ரூபாயைத் தாம்பாளத்தில் வைத்தேன். நாட்டாமை எடுத்து அவளுடைய அண்ணன் கையில் கொடுத்தார். அவர் அதை அவள் மடியில் போட்டார். ஏழு இருபதுக்கு நான் ஒரு முடிச்சுப் போட்டேன். மற்ற இரண்டையும் என் தம்பி மனைவி போட்டாள்.

இந்தத் தம்பி மனைவி எங்கள் வீட்டுக்குள் அதற்கு முன் கால் வைத்ததில்லை. அடுத்த தெருவில்தான் இருந்தாள். தெருவில் எதிரே வந்தால் இவளோடு பேசுவாள். வீட்டுக்குள் வரமாட்டாள், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டாள். மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு உடனே, “அக்கா, நாக்கு வறளுது, கொஞ்சம் தண்ணி குடு” என்றாள். இவள் எழுந்து போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தாள். இவள் அந்தச் செம்பைத் திரும்ப வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுடைய அண்ணன் என் பக்கத்தில் வந்து, “மச்சான், ரிஜிஸ்டர் ஆபீசு எத்தன மணிக்குத் தொறப்பான்?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

கிளப்பிலிருந்து ஒன்பது பேருக்கு இட்லியும் காப்பியும் வந்தது. பத்து மணிக்குப் பத்திரம் பதியப் போனோம். நானும் அவளும் முன்னால், அவளுடைய அண்ணனும் என் தம்பியும் சாட்சிக்காகப் பின்னால். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் தெருவில் நடந்ததில்லை. எங்கேயாவது போக வேண்டும் என்றால் நான் முன்னால் போவேன், அவள் கொஞ்சம் விட்டு வருவாள். அன்று அவள் பக்கத்தில் நடந்தாள். எனக்கு நடை சரியாக வரவில்லை. ஆயிரத்து நூற்று எண்பது அடி நடந்தோம். கோபுர வாசலில் அவள் நின்று கும்பிட்டாள், நானும் நின்றேன். அங்கே பூக்கட்டுகிற பெண் பால் வாங்குகிற பழக்கத்தில் இவளைத் தெரிந்தவள்.

“என்ன மதினி, புதுக் கயிறெல்லாம் பளபளங்குது! புதுப் பொண்ணோ?”

“ஆமா, மத்தியானம் வரைக்கும்” என்றாள் இவள்.

பூக்காரிக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டு ஒரு முழம் பூவை அறுத்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அதனால் அதை நான் செலவில் எழுதவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “எழுதிக் கொடுக்கிறவங்க யார் மகள், யார் மனைவி?” என்று கேட்டார். அவள் அப்பா பேரைச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என் மனைவி” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். வீட்டில் தனக்குள்ள சகல உரிமையையும் என் பேருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிப் படித்துக் காட்டினார். அவள் இடது பெருவிரலை மையில் தொட்டு மூன்று இடத்தில் உருட்டினாள். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். முத்திரைத்தாள், எழுத்துக் கூலி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய் பத்தணா. அவள் என் மனைவி என்று சொல்லுகிற காகிதம் உலகத்தில் அந்த ஒன்றுதான். அதில்தான் அவள் வீட்டை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. நாட்டாமை துரும்பு கொண்டுவரச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சாவகாசமாகப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் பத்து நிமிசத்துல ராகு காலம் பொறந்துரும். ஒன்றரை ஆகட்டும்வே.”

“அறுக்கிறதுக்கு என்ன அண்ணாச்சி நல்ல நேரம்?” என்றேன்.

“கெட்ட நேரத்துல அறுத்தா சரியா அறாது. பெறகு அதுக்கு ஒரு பஞ்சாயத்துக்கு என்னால நடக்க முடியாது.”

ஆக, ஒன்றரை மணி நேரம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவள் சமைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், மோர். ஆண்கள் சாப்பிட்டார்கள். நாட்டாமை முன் அறையில் துண்டை விரித்துப் படுத்தார். தம்பியும் அவளுடைய அண்ணனும் தொழுவில் எருமைகளை அவிழ்த்து வண்டியின் பின்னால் கட்டப் போனார்கள். அடுப்படியில் நானும் அவளும் மட்டும்.

அவள் தன் சேலைகளை ஒரு சாக்கில் வைத்துக் கட்டினாள். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு சாமான்களைச் சரிபார்த்தேன். எல்லாம் எனக்குத்தான் என்று ஆகிவிட்ட பிறகு சரிபார்க்கத் தேவையில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

“பத்திரம் பத்திரமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு. பெட்டியில் வச்சிட்டேன்.”

“இனி வீட்டப் பத்திப் பயமில்லல்ல?”

எனக்கு அந்தப் பயம் இருந்தது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. “இல்லை” என்றேன்.

அவள் சாக்கின் வாயை முறுக்கினாள். சணல் கயிற்றால் இறுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கழுத்தில் கயிறு ஈரம் காயாமல் கிடந்தது. சேலையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“வேற ஒண்ணுமில்லையா?” என்றாள்.

நான் பட்டியலைப் பார்த்தேன். அடுப்பின் பக்கம் பார்த்தேன். அங்கே இரும்புச் சட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

“இந்த இருப்புச் சட்டியை எழுத விட்டுட்டேன். இது யாருக்கு?” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சந்தையில் ஒரு மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“நீங்களே வச்சிக்கிடுங்க” என்றாள்.

நான் அறுபத்து நான்கு என்று திருத்தினேன்.

ஒன்றரைக்கு நாட்டாமை எழுந்து முகம் கழுவினார். எல்லோரும் உட்கார்ந்தோம். துரும்பு வேண்டும் என்றபோது அவளே தொழுவுக்குப் போய்ச் சோளத்தட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்று ஒடித்து வந்தாள். முதலில் அவளுடைய அண்ணன் கையால் பரிசப்பணம் திரும்பி வந்தது. நான் கொடுத்தது இரண்டு பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாயும். திரும்பி வந்தது வெள்ளி ரூபாயும் சில்லறையுமாக, அவளுடைய பால் பணம். என் நோட்டை என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

“எண்ணும்வே, எண்ணாட்டா ஒமக்குச் சோறு செரிக்காது” என்றார் நாட்டாமை.

எண்ணினேன். சரியாக இருந்தது.

பெண்ணிடம் கேட்கிற வழக்கம் இல்லை, போகிறவள் அவள்தானே. ஆணிடம் மூன்று முறை கேட்பார்கள். மூன்று முறையும் அவன் சொல்ல வேண்டும். ஒரு முறை சொல்லாவிட்டாலும் துரும்பு கிள்ளக்கூடாது.

“விட்டீரா?”

“விட்டேன்.”

“விட்டீரா?”

“விட்டேன்.”

நாட்டாமை மூன்றாவதைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “வே, காலையில கட்டுனது செல்லும் பாத்துக்கிடும். அதுக்கு நான் சாட்சி. அறுக்கலைன்னா எவனும் ஒம்மக் கேக்கப்போறதில்ல. நான் எச்சி துப்பிட்டு வாரேன். யோசிச்சுக்கிடும்” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். துப்புவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. வெளியே நின்று யாரோடோ மழையைப் பற்றிப் பேசினார்.

அவளுடைய அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தம்பி என் தொடையை ஒரு முறை இடித்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. துரும்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தாறு. அது வாரத்துக்கு நாலு நிமிஷம் பிந்தும். அன்று காலையில்தான் சரிசெய்திருந்தேன். ஒன்று முப்பத்தெட்டு. வாசுதேவநல்லூர் போய்ச் சேர எருமைகளுக்கு எட்டு மணி நேரம் ஆகும், இருட்டிவிடுமே என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன். வேறு எதையாவது நினைக்க முயன்றேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எனக்குள் அப்போது ஒன்றும் இல்லை. எண்கள்தான் இருந்தன.

நாட்டாமை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“விட்டீரா?”

“விட்டேன்.”

ஒன்று நாற்பதுக்குத் துரும்பைக் கிள்ளிப் போட்டார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. தம்பி மனைவி கத்தரிக்கோலால் கயிற்றை அறுத்து என் கையில் வைத்தாள். அறுத்தவள் மட்டும்தான் அழுதாள். நாட்டாமை வெற்றிலை இரண்டை எடுத்து இவளிடம் நீட்டினார். இவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அறுத்த கயிற்றைக் கிணற்றில் போடுவது வழக்கம் என்றார்கள். போட்டேன்.

வண்டி கிளம்பும்போது அவளுடைய அண்ணன், “வாரோம் கணக்கப்பிள்ளை” என்றார். அவள் எருமைகளின் பின்னால் நடந்து வருவதாகச் சொல்லி வண்டியில் ஏறவில்லை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான் வாசற்படியிலிருந்து இறங்கினேன்.

“தொழுவுல அரை மூட்டை பருத்திக்கொட்டை கெடக்கு. எலி திங்கும். வித்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தை மாதம் அண்ணன் மகள் கலியாணம் நல்லபடியாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். பந்தல் வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தது அவள்தானாம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வராது. தீர்ந்தவனைக் கூப்பிடுகிற வழக்கம் எங்களில் இல்லை. வெறுமனே சேர்ந்திருந்தவனாகவே இருந்திருந்தால், ‘கணக்கப்பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டு அவர் ஒரு பத்திரிகை வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. வீடு என் பேரில் இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாக வரி கட்டுகிறேன். ஓடு மூன்று முறை மாற்றினேன்.

அன்று வண்டி போனதும் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். சேலை, மஞ்சள், கயிறு, தேங்காய், பழம், வெற்றிலை, ஒன்பது பேருக்குக் காப்பி, கட்டியதற்கும் அறுத்ததற்கும் நாட்டாமைக்கு, பத்திரச் செலவு. பரிசப்பணம் போனதும் வந்ததும் சமம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஆகமொத்தம் நாற்பத்தோரு ரூபாய் பதினைந்தரை அணா.